ஆன்லைன்ல கவுன்சிலர்கிட்ட பேசறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கற கேள்விங்க

நான் சென்னைல கவுன்சிலரா வேலை பாக்கறேன், கவுன்சிலிங் சைக்காலஜில எம்எஸ்சி படிச்சிருக்கேன், டாக்டர் இல்ல. 2020 லாக்டவுன்ல வேற வழியில்லாம ஃபோன்லயும் வீடியோவுலயும் பேச ஆரம்பிச்சது, இப்ப என்கிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஆன்லைன்லதான் வர்றாங்க. முதல் கால்ல எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே கேள்விங்களத்தான் கேக்கறாங்க, சில பேர் கேக்கவே கூச்சப்பட்டு அப்படியே போயிடறாங்க, அந்த ரெண்டாவது கூட்டத்துக்காகத்தான் முக்கியமா இத எழுதறேன். இதுல வர்ற உதாரணம் எதுவும் ஒரு தனி ஆளோட கதை இல்ல, பல பேர் சொன்னத கலந்து, அடையாளம் தெரியாத மாதிரி மாத்தி எழுதியிருக்கேன்.

கவுன்சிலிங்னா என்ன, அட்வைஸ் பண்ணுவீங்களா?

நம்ம ஊர்ல கவுன்சிலிங்னு சொன்னா பாதி பேருக்கு இஞ்சினியரிங் அட்மிஷன்தான் ஞாபகம் வரும், மார்க்க வெச்சு இந்த காலேஜ் எடு அந்த குரூப் எடுன்னு முடிவு பண்றது. அதே நெனப்போட வந்து, "மேடம் நான் வேலைய விடட்டுமா வேணாமா நீங்களே சொல்லிடுங்க"ன்னு முதல் பத்து நிமிஷத்துலயே கேட்டுடுவாங்க. நான் சொல்ல மாட்டேன். அட்வைஸ் பண்ண உங்களுக்கு ஏற்கனவே ஆள் நிறைய இருப்பாங்க, மாமா இருப்பாரு, டீம் லீட் இருப்பாரு, அப்பார்ட்மென்ட் லிஃப்ட்ல பாக்கற ஆன்ட்டி வரைக்கும் அட்வைஸ்தான். நீங்க ஒரு விஷயத்த ஆரம்பிச்சா நடுவுல குறுக்கிடாம, "இதுக்குப் போய் அழுவாங்களா"ன்னு கேக்காம, கடைசி வரைக்கும் கேக்கற ஆள் எத்தன பேர் இருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அங்கதான் எங்க வேலை ஆரம்பிக்குது. கேட்டுட்டு, நீங்க சொன்னதுல திரும்பத் திரும்ப வர்றது என்னன்னு எடுத்துக் காட்டி, அத மாத்தறதுக்கு சின்னச் சின்னதா என்ன பண்ணிப் பாக்கலாம்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்றது, அவ்வளவுதான் கவுன்சிலிங்.

எனக்கென்ன பைத்தியமா, நான் ஏன் கவுன்சிலர்கிட்ட வரணும்?

சென்னைல வளந்த யாருக்கும் "இவன கீழ்ப்பாக்கத்துல சேக்கணும்"ங்கற பேச்சு புதுசு இல்ல, ஸ்கூல்ல நாமளே யாரையாவது அப்படி சொல்லியிருப்போம். அந்த கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி, மனநல நிலையம்னு இப்ப பேரு, 1794ல ஆரம்பிச்சது, இருநூறு வருஷத்துக்கு மேல லட்சக்கணக்கான குடும்பத்துக்கு வைத்தியம் பாத்த கவர்மென்ட் இடம். அந்தப் பேர நாம திட்டறதுக்கு வெச்சுக்கிட்டோம், அதனாலயே தூக்கம் வராம ஆறு மாசமா தவிக்கறவங்க கூட எங்கயும் போகாம உக்காந்திருக்காங்க, எனக்கு உண்மையிலயே மனசு கஷ்டமா இருக்கற விஷயம் இது. என்கிட்ட வர்றவங்க காலைல எழுந்து டிஃபன் பாக்ஸ் கட்டி, ட்ரெயின் புடிச்சு, வேலைக்குப் போய், இஎம்ஐ கட்டறவங்கதான். வெளிய எல்லாம் ஓடுது, உள்ள மட்டும் ஏதோ ஒண்ணு நின்னு போன மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க.

ஸ்ட்ரெஸ், ஆங்ஸைட்டி ரெண்டும் ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல. ஸ்ட்ரெஸ்ஸுக்கு வெளிய ஒரு காரணம் கை காட்ற மாதிரி இருக்கும், ரிலீஸ் டேட், அப்பாவோட ஆபரேஷன், வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னது. அது முடிஞ்சா உடம்பு மெல்ல இறங்கிடும். ஆங்ஸைட்டி, அதாவது பதற்றம், காரணம் போன பிறகும் போகாது, இல்ல காரணமே இல்லாம ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டு உக்காந்திருக்கப்ப வயித்தப் பிசையும், ஏதோ கெட்டது நடக்கப் போகுதுங்கற மாதிரி. 2015 டிசம்பர் வெள்ளத்துல மாட்டுன சில பேர் இன்னிக்கும் ராத்திரி மழைச் சத்தம் கேட்டா எழுந்து ஃபோன சார்ஜ்ல போட்டுட்டு, கேட்டு வரைக்கும் போய் தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பாத்துட்டு வருவாங்க, வெறும் தூறலா இருந்தாலும். 2023ல மிக்ஜாம் புயல் வந்தப்ப அது திரும்பவும் கிளம்பிடுச்சு.

இன்னொண்ணும் சொல்லணும், எல்லா ஸ்ட்ரெஸ்ஸும் மனசோட கோளாறு கிடையாது. தினமும் 14 மணி நேரம் வேலை வாங்கி, லீவு கேட்டா முறைக்கற இடத்துல உங்களுக்கு தூக்கம் போச்சுன்னா உங்க மனசு சரியாத்தான் வேலை செய்யுது. அங்க நான் மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்து உங்கள அதே இடத்துக்கு திருப்பி அனுப்பறது நியாயம் இல்ல, அந்த மாதிரி நேரத்துல பேச்சு வேற பக்கம்தான் போகும், யார்கிட்ட எப்படி நோ சொல்றது, எத்தன மாசத்துக்கு கைல காசு இருக்கு, வேற வேலை தேட எவ்வளவு நாள் ஆகும்னு.

வீட்ல தனியா உக்காந்து பேச இடமே இல்லையே?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், "இடம் இருக்கு, பேசலாம்"னு எல்லாரும் ஈஸியா சொல்லிட்டுப் போற விஷயமும் இதுதான். ஒரு பெட்ரூம் ஹால் கிச்சன்ல அஞ்சு பேர், ஹால்ல மாமனார் நியூஸ் பாக்கறாரு, பெட்ரூம்ல பசங்க படிக்கறாங்க, பாத்ரூம்ல பேசினா எக்கோ அடிக்கும். இதுல "எனக்கு இந்த வீட்டுல மூச்சு முட்டுது"ன்னு எங்க உக்காந்து சொல்றது?

என்கிட்ட பேசறவங்க எங்கெங்க இருந்து பேசறாங்கன்னா, மொட்டை மாடில சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னாடி நிழல்ல உக்காந்து, பார்க்கிங்ல நிறுத்தின கார்குள்ள, சாயங்காலம் கார்ப்பரேஷன் பார்க் பெஞ்ச்ல, எலியட்ஸ் பீச்ல வண்டிய ஓரமா போட்டு, ஆபீஸ்ல எட்டு மணிக்கு மேல காலியா இருக்கற மீட்டிங் ரூம்ல. ஒருத்தங்க வாரா வாரம் வியாழக்கிழமை கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பி, குளத்துப் படிக்கட்டுல உக்காந்து நாப்பத்தஞ்சு நிமிஷம் பேசிட்டு, சாமியும் கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போவாங்க. இதெல்லாம் குறையா நெனைக்காதீங்க, அந்த இடத்த கண்டுபுடிச்சு வெச்சுக்கறதே முதல் வேலைல பாதி.

அப்புறம் சில நடைமுறை விஷயம். ஹெட்ஃபோன் கட்டாயம் போடுங்க, நான் பேசறது வெளிய கேக்கக் கூடாது. பேஸ்மென்ட்ல சிக்னல் விட்டு விட்டு வரும், அழுதுட்டு இருக்கப்ப கால் கட் ஆனா ரொம்ப கஷ்டமா இருக்கும், அதனால கட் ஆனா யார் திருப்பிக் கூப்புடறதுன்னு முதல்லயே பேசி வெச்சுக்குவோம், நான்தான் கூப்புடுவேன். யாராவது ரூமுக்குள்ள வந்துட்டா சொல்றதுக்கு ஒரு வார்த்தை வெச்சுக்கலாம், "அந்த ஃபைல நாளைக்கு அனுப்பறேன்"னு நீங்க சொன்னா நான் பேச்ச நிறுத்திடுவேன். கேமரா வேணாம்னா வேணாம். பேசவே முடியாத நாள்ல சாட்ல டைப் பண்ணுங்க, சில பேருக்கு வாயால வராதது விரலால வரும், நான் நிறைய தடவ பாத்திருக்கேன்.

நேர்ல பேசற அளவுக்கு ஆன்லைன்ல பலன் இருக்குமா?

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வீடியோ வழியா முறையா குடுக்கற சிகிச்சை, நேர்ல குடுக்கறதுக்கு கிட்டத்தட்ட சமமா பலன் தருதுன்னு நிறைய ஆராய்ச்சி வந்திருக்கு, என் அனுபவமும் அதேதான். தாம்பரத்துல இருந்து அண்ணா நகர் வந்து போக ரெண்டு மணி நேரம் ஆகும்னா யாரும் வாரா வாரம் வர மாட்டாங்க, மூணாவது வாரமே விட்டுடுவாங்க, விடாம வர்றதுதான் இதுல முக்கியம். ஆனா எல்லாருக்கும் இது ஒத்து வராது. காதுல யாரோ பேசற மாதிரி கேக்குதுன்னா, குடிய விட முடியாம கை நடுங்குதுன்னா, அடிக்கற புருஷன் பக்கத்து ரூம்லயே உக்காந்திருக்காருன்னா, சின்னக் குழந்தைன்னா, நேர்ல பாக்கற இடத்துக்குத்தான் நான் அனுப்புவேன்.

முதல் செஷன்ல என்ன கேப்பீங்க? அட்ரஸ் எல்லாம் எதுக்கு?

எப்பல இருந்து இப்படி இருக்கு, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்ல யார் யார் இருக்காங்க, வேற என்ன மாத்திரை சாப்புடறீங்க, இதெல்லாம் கேப்பேன். ஜிஏடி-7னு பதற்றத்த அளக்கற ஒரு சின்ன கேள்வித்தாள் இருக்கு, 2006ல இருந்து உலகம் முழுக்க பயன்படுத்தறது, போன ரெண்டு வாரம் எப்படி இருந்தீங்கன்னு ஏழு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 21. அஞ்சுல இருந்து லேசு, பத்துல இருந்து நடுத்தரம், பதினஞ்சுல இருந்து அதிகம்னு ஒரு கணக்கு. அத வெச்சு மட்டும் உங்களுக்கு வியாதின்னு யாரும் முத்திரை குத்தக் கூடாது, காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் வெக்கற மாதிரி தான் அது, ரெண்டு மாசம் கழிச்சு திரும்பப் போட்டுப் பாத்தா எவ்வளவு இறங்கியிருக்குன்னு தெரியும்.

அட்ரஸும், அவசரத்துக்கு ஒருத்தரோட நம்பரும் கேட்டா நிறைய பேர் பயந்துடறாங்க, வீட்டுக்குத் தெரிஞ்சுடுமோன்னு. காரணம் ஒண்ணே ஒண்ணுதான். நேர்ல இருந்தா உங்களுக்கு ஏதாவதுன்னா நான் பக்கத்துல இருப்பேன், ஆன்லைன்ல உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுனா ஆம்புலன்ஸ எங்க அனுப்பறதுன்னு எனக்குத் தெரியணும். வேற எதுக்கும் அந்த நம்பர்ல நான் கூப்புட மாட்டேன்.

நான் சொல்றது வெளிய போகாதுன்னு என்ன கேரண்டி?

மனநல பராமரிப்புச் சட்டம் 2017ன்னு ஒண்ணு இருக்கு, 2018 மே 29ல இருந்து அமல்ல இருக்கு, மனநல சிகிச்சைல இருக்கறவங்களோட விஷயம் ரகசியமா இருக்கணும்ங்கறத அது உரிமையாவே சொல்லுது. என் தொழில் ஒழுக்கமும் அதேதான், உங்க அம்மா ஃபோன் பண்ணி "என் பொண்ணு என்ன சொன்னா"ன்னு கேட்டாலும், அவங்களே ஃபீஸ் கட்டியிருந்தாலும் சொல்ல மாட்டேன். விதிவிலக்கு இருக்கு, அத முதல் நாளே சொல்லிடுவேன்: உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்து இருந்தா, கோர்ட்டு கேட்டா, அப்புறம் பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு பாலியல் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா, 2012 போக்சோ சட்டப்படி நான் கட்டாயம் சொல்லியாகணும்.

அதே 2017 சட்டத்துல இன்னொரு விஷயம் இருக்கு, தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு. போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்துட்டு உண்மைய மறைக்கறவங்க இன்னும் இருக்காங்க, அதனால சொல்றேன்.

கம்பெனி குடுக்கற ஃப்ரீ கவுன்சிலிங்ல ஹெச்ஆர்க்கு தெரியுமான்னும் கேக்கறாங்க. பொதுவா வெளி நிறுவனத்துகிட்ட குடுத்திருப்பாங்க, கம்பெனிக்கு எத்தன பேர் வந்தாங்கங்கற எண்ணிக்கைதான் போகும். ஆனாலும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த கவுன்சிலர்கிட்டயே நேரா கேட்டுடுங்க, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, செத்துடுவேனோன்னு இருக்கு. இதுக்கு பேசி என்ன ஆகும்?

முதல் தடவ நெஞ்சு வலி வந்தா கவுன்சிலர கூப்புடாதீங்க, ஆஸ்பத்திரி போய் ஈசிஜி எடுங்க, தேவைப்பட்டா 108ஐ கூப்புடுங்க. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு இதெல்லாம் கூட படபடப்பு மாதிரி வரும், அதனால ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு வாங்கன்னு நானே அனுப்புவேன். எல்லாம் நார்மல், டாக்டர் "டென்ஷன் ஆகாதீங்க"ன்னு சொல்லிட்டாரு, ஆனா திரும்பத் திரும்ப வருதுன்னா அப்பதான் நம்ம பேச்சு.

அது பேனிக் அட்டாக். உடம்பு ஆபத்துன்னு தப்பா புரிஞ்சுக்கிட்டு அட்ரினலின விட்டுடுது, இதயம் வேகமா அடிக்குது, நீங்க பயத்துல வேக வேகமா மூச்சு வாங்கறீங்க, அதனால ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு விரல் எல்லாம் மதமதன்னு ஆகுது, தலை சுத்துது, அத பாத்து இன்னும் பயம். வழக்கமா பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போய் தானா இறங்கிடும். இந்தக் கணக்கு தெரிஞ்சாலே சில பேருக்கு பாதி பயம் போயிடுது. மூச்ச இழுக்கறத விட விடற நேரத்த நீட்டணும், நாலு எண்ணி இழுத்தா ஆறு எண்ணி விடறது, அவ்வளவுதான் டெக்னிக்.

ஆனா பெரிய வேலை அதுக்கு அப்புறம்தான். எங்க பயம் வந்துச்சோ அந்த இடத்துக்கு போறத விட்டுடுவோம் இல்லையா, அதுதான் பயத்த வளக்குது. ஒரு உதாரணம் சொல்றேன். ஒருத்தருக்கு கிண்டில வீடு, எல்ஐசி பக்கத்துல வேலை, மெட்ரோல போனா கொஞ்ச நேரம்தான். ஒரு நாள் சுரங்கத்துல ட்ரெயின் நின்னப்ப படபடப்பு வந்துடுச்சு, அன்னைல இருந்து மெட்ரோ கிடையாது, மவுண்ட் ரோட்ல பஸ்ல ஒரு மணி நேரம். அப்புறம் லிஃப்ட்டும் வேணாம்னு ஆகி அஞ்சு மாடி ஏறிப் போறது, அப்புறம் தியேட்டர் வேணாம். பயம் ஒவ்வொரு ரூமா வீட்ட புடிச்சுக்கற மாதிரி. நாங்க பண்ணது, ஒரு ஏணி மாதிரி எழுதினோம். முதல் வாரம் ஸ்டேஷனுக்குள்ள போய் டிக்கெட் கவுன்ட்டர்கிட்ட பத்து நிமிஷம் நிக்கறது மட்டும். அடுத்தது ப்ளாட்ஃபார்ம்ல நின்னு மூணு ட்ரெயின விட்டுட்டு வர்றது. அப்புறம் கிண்டில ஏறி சின்னமலைல இறங்கறது, அது மேல போற லைன், வெளிச்சம் தெரியும். அடுத்தது சைதாப்பேட்டை, அங்கதான் ட்ரெயின் பூமிக்குள்ள இறங்கும், அந்த ஒரே ஒரு ஸ்டேஷனுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. ஏறினப்ப காதுல ஹெட்ஃபோன்ல நான் இருந்தேன், படபடப்பு பத்துக்கு எத்தன மார்க்னு கேட்டுட்டே வந்தேன், எட்டு, எட்டு, ஏழு, அஞ்சு. அப்புறம் நந்தனம், தேனாம்பேட்டை, கடைசியா எல்ஐசி. பயம் முழுசா போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், பயத்தோட ஏறி உக்கார முடியும்னு ஆயிடுச்சு. இந்த மாதிரி வெளில போய் பண்ற வேலைக்கு, ஃபோன்ல கூட வர்ற கவுன்சிலர் ரொம்ப உதவின்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

எனக்கு தாழ்வு மனப்பான்மை ஜாஸ்தி, இத மாத்த முடியுமா?

இத முதல் நாளே யாரும் சொல்ல மாட்டாங்க, தூக்கம் வரலன்னு ஆரம்பிச்சு அஞ்சாவது செஷன்ல மெதுவா வெளிய வரும். கிளையன்ட் கால்ல விஷயம் தெரிஞ்சும் வாய் திறக்க மாட்டாங்க, ஏன்னா தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவங்க, இங்கிலீஷ்ல தப்பா சொல்லிட்டா சிரிப்பாங்கன்னு பயம். கல்யாண ஃபோட்டோல ஓரமா நிப்பாங்க, சின்ன வயசுல "கருவாச்சி"ன்னு சித்தி கூப்பிட்டது முப்பது வருஷம் கழிச்சும் காதுல இருக்கும். யாராவது நல்லா பண்ணீங்கன்னு சொன்னா "அட, சும்மா சொல்றாங்க"ன்னு தட்டி விட்டுட்டு, யாராவது குறை சொன்னா மட்டும் அத நாலு நாள் வெச்சு மெல்லுவாங்க.

இதுக்கு நாங்க பண்றது ரொம்ப சாதாரணமா தெரியும். ஒரு நாப்பது பக்க நோட்டுல மூணு கோடு: என்ன நடந்துச்சு, அப்ப மனசுல ஓடின வார்த்தை அப்படியே, அந்த வார்த்தைக்கு ஆதாரம் என்ன. "மேனேஜர் என் மெயிலுக்கு ரிப்ளை பண்ணல", "நான் எழுதினது குப்பை", ஆதாரம்? அன்னைக்கு அவர் யாருக்குமே ரிப்ளை பண்ணல. 1960கள்ல ஆரன் பெக்னு அமெரிக்க மனநல டாக்டர் ஆரம்பிச்ச முறை இது, காக்னிடிவ் பிஹேவியர் தெரபி, சுருக்கமா சிபிடின்னு சொல்லுவோம். ஒரு தடவ எழுதினா ஒண்ணும் ஆகாது, நாப்பது தடவ எழுதினா, அந்த வார்த்தை வர்றப்பவே "இது பழைய குரல்"னு அடையாளம் தெரிய ஆரம்பிக்கும்.

நான் அடிக்கடி குடுக்கற இன்னொரு ஹோம்வொர்க், "நாலு பேர் என்ன சொல்லுவாங்க"ன்னு பயப்படறவங்களுக்கு. அந்த நாலு பேரோட பேர எழுதிட்டு வாங்கன்னு சொல்லுவேன். எழுத உக்காந்தா நாலு வராது. ஒரு பெரியப்பா வருவாரு, எட்டாம் கிளாஸ் மேத்ஸ் மிஸ் வருவாங்க, அதுக்கு மேல பேனா ஓடாது. அந்த மிஸ் இப்ப எங்க இருக்காங்கன்னு கூட தெரியாது. ஒருத்தங்க அந்த லிஸ்ட்ட என்கிட்ட படிச்சுக் காட்டறப்பவே அழுதுட்டாங்க, இத்தன வருஷம் இந்த ரெண்டு பேருக்காகவா நான் பேசாம இருந்தேன்னு.

மாத்திரை சாப்புடணுமா?

நான் மாத்திரை எழுத முடியாது, எழுதவும் கூடாது. எம்டி சைக்கியாட்ரி மாதிரி படிச்ச மனநல டாக்டர்தான் எழுதணும். ரெண்டு மாசம் பேசியும் தூக்கம், பசி, வேலை எதுவும் திரும்பலன்னா, இல்ல ஆரம்பத்துலயே ரொம்ப அதிகமா இருந்தா, டாக்டர பாருங்கன்னு நானே சொல்லுவேன், அதுக்கு அப்புறமும் இங்க பேசறது தொடரும். இந்தப் பிரச்சனைக்கு வழக்கமா குடுக்கற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும், அடிமையாக்காது, ஆனா டக்குனு நீங்களா நிறுத்தக் கூடாது. பழகிப் போற வகை வேற, அல்பிரசோலம்ங்கற பதற்ற மாத்திரை மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா குடுத்தாங்கன்னும், போன வருஷ சீட்ட மெடிக்கல்ல காட்டியும் அத வாங்கி முழுங்கறது நிறைய நடக்குது, தயவு செஞ்சு பண்ணாதீங்க.

எத்தன வாரம், எவ்வளவு செலவு?

வாரம் ஒரு தடவ, 45ல இருந்து 50 நிமிஷம். சிபிடி மாதிரி முறைக்கு எட்டுல இருந்து பதினாறு செஷன் பொதுவா எடுக்கும், சில பேருக்கு நாலே போதும். மூணாவது நாலாவது செஷன்ல முன்ன விட மோசமா இருக்கற மாதிரி தோணலாம், மூடி வெச்சது வெளிய வர்றதுதான் அது, அந்த இடத்துல விட்டுட்டுப் போறவங்கதான் அதிகம், எனக்கு வருத்தம். ஃபீஸ் சென்னைல 500 ரூபாய்க்கும் இருக்கு, 2,000க்கு மேலயும் இருக்கு, காசு அதிகம்னா கவுன்சிலர் நல்லவர்னு அர்த்தம் இல்ல. முடியலன்னா வெளிப்படையா கேளுங்க, குறைச்சு வாங்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. கீழ்ப்பாக்கத்துலயும் மற்ற அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுலயும் இலவசமா பாக்கறாங்க.

நல்ல கவுன்சிலர்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

என்ன படிச்சிருக்கீங்கன்னு நேரா கேளுங்க, நல்லவங்க கோவப்பட மாட்டாங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டிருந்தா ஆர்சிஐ, அதாவது ரீஹேபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவோட பதிவு எண் இருக்கணும், அத ஆர்சிஐ வெப்சைட்லயே பாக்கலாம். ரெண்டு நாள் ஆன்லைன் கோர்ஸ் முடிச்சுட்டு லைஃப் கோச்னு போட்டுக்கறவங்க வேற. மூணே நாள்ல பயம் போயிடும்னு சத்தியம் பண்றவங்க, இருபது செஷனுக்கு இப்பவே கட்டுங்கன்னு நெருக்கறவங்க, கேக்காம ரெக்கார்ட் பண்றவங்க, ராத்திரி பதினோரு மணிக்கு தேவையில்லாம மெசேஜ் பண்றவங்க, இவங்ககிட்ட இருந்து உடனே விலகிடுங்க.

எனக்கே நடந்தது ஒண்ணு இருக்கு. 24 வயசுல நானே பதற்றம் தாங்காம ஒருத்தர்கிட்ட போனேன், ரெண்டாவது தடவையே "எல்லாம் சரியாயிடும்மா, ஒரு கல்யாணம் பண்ணிக்கோ"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒண்ணரை வருஷம் வேற யார்கிட்டயும் போகல, தப்பு என்கிட்டதான்னு நெனச்சுக்கிட்டேன். அடுத்து கிடைச்சவங்க என்னைய பேச விட்டாங்க. அதனால சொல்றேன், ரெண்டு மூணு செஷன் போயும் இவங்ககிட்ட மனசு திறக்கலன்னா ஆள மாத்துங்க. "வேற ஒருத்தர பாக்கலாம்னு இருக்கேன்"னு என்கிட்டயே நிறைய பேர் சொல்லியிருக்காங்க, நானே ரெண்டு பேர் நம்பர் குடுத்து அனுப்பியிருக்கேன்.

கோயிலுக்குப் போனா போதாதா?

போங்க, நல்லது. திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில் கூடவே மனநல மறுவாழ்வு மையம் நடக்குது, ஏர்வாடி தர்கால பிரார்த்தனை பண்ண வர்றவங்களுக்கு அங்கயே டாக்டர் பாத்து மருந்து குடுக்க ஏற்பாடு இருக்கு. அங்கயே ரெண்டும் சேந்து நடக்கறப்ப நாம ஏன் ஒண்ண விடணும்.

இங்கிலீஷ்லதான் பேசணுமா?

வேணவே வேணாம். முழு செஷனும் இங்கிலீஷ்ல பேசறவங்க கூட அப்பாவைப் பத்தி பேச்சு வந்தா தமிழுக்கு வந்துடுவாங்க, அங்கதான் விஷயமே இருக்கும். டிப்ரஷன், ட்ராமான்னு இன்ஸ்டால பாத்த வார்த்தை எல்லாம் தேவையில்ல, நெஞ்சு அடைக்குது, கை கால் வெலவெலன்னு வருது, மனசே ஒட்டலன்னு உங்களுக்கு வர்ற மாதிரி சொல்லுங்க.

என் பையன் ரூம விட்டு வெளிய வர மாட்டேங்கறான், அவனுக்கு பேசுவீங்களா?

பதினெட்டு வயசுக்குக் கீழன்னா உங்க சம்மதம் வேணும், மேலன்னா அவன் சம்மதம் மட்டும்தான் வேணும். ரெண்டுலயும் அவன ஏமாத்தி ஃபோன கைல குடுக்காதீங்க, "டியூஷன் மிஸ் பேசறாங்க"ன்னு சொல்லி ஒரு அம்மா குடுத்தாங்க, அந்தப் பையன் அதுக்கு அப்புறம் ஆறு மாசம் யாரையும் நம்பல. வேணும்னா முதல்ல நீங்க வாங்க. நீட், பன்னெண்டாவது ரிசல்ட் நேரத்துல தமிழ்நாடு அரசோட 104 ஹெல்ப்லைனுக்கு கூப்ட்டா பசங்களுக்கும் பெத்தவங்களுக்கும் பேசறாங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு தாங்க முடியலன்னா?

அந்த நேரத்துல நான் முழிச்சிருக்க மாட்டேன், இத மறைக்காம சொல்லிடறேன், அதனால இந்த நம்பர ஃபோன்ல இப்பவே சேவ் பண்ணிக்கோங்க. டெலி மானஸ்ங்கற மனநல ஹெல்ப்லைன், 14416, மத்திய அரசு 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். சென்னைல சிநேகா இருக்கு, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல ஆரம்பிச்ச தற்கொலைத் தடுப்பு மையம், 044-24640050. செத்துடலாம்னு நெனப்பு வந்தா எவ்வளவு சின்னதா இருந்தாலும் கூப்புடுங்க, "இதுக்குப் போய் கூப்பிட்டேனே"ன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க. கைல மாத்திரையோ வேற ஏதாவதோ இருந்தா அத இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு, அந்த ராத்திரி தனியா படுக்காதீங்க.

முதல் மெசேஜ்ல என்ன எழுதறது?

நாலு பக்கத்துக்கு டைப் பண்ணி, அழிச்சு, திரும்ப டைப் பண்ணி, கடைசில அனுப்பாமலே விட்டவங்க நிறைய பேர். ரெண்டு வரி போதும். "கொஞ்ச நாளா தூக்கம் வரல, பேசணும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல மாடில இருப்பேன், கால் வேணாம் மெசேஜ் மட்டும் பண்ணுங்க." இப்படி எந்த நேரம் உங்களுக்கு சேஃப், கூப்புடலாமா கூடாதான்னு மட்டும் இருந்தா நான் அதுக்கு ஏத்த மாதிரி பதில் போடுவேன். பேரு கூட முதல் நாள் வேணாம்.